விளக்கைத் தூக்கிய திருடன்

அத்தியாயம் 4

துப்பறியும் ஆசாமி ஓட்டவே கூடாத கார் என்று ஒன்று உண்டென்றால் அது என் கார்தான்.

1980-ம் வருஷத்து ட்ரையம்ஃப் டி.ஆர்.7. மஞ்சள் நிறம். ரெண்டு பேர் உட்காரலாம். மூக்கு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து, பக்கவாட்டில் பார்த்தால் ஆப்பு மாதிரி இருக்கும். வேறு ஊராக இருந்தால் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். விஸ்கான்சினில் மஞ்சள் ஆப்பைப் பார்த்தால் ஜனங்களுக்கு ஒரே ஒரு சாமான்தான் ஞாபகம் வரும். சீஸ். எங்கள் மாநிலத்துக்குப் பேரே அதால்தான். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி, "தம்பி, எங்கிட்ட பிஸ்கட் இருக்கு. ஒரு துண்டு வெட்டித் தர்றியா?" என்பான். ஆறு வருஷமாக இதே ஜோக். ஒருத்தனாவது புதுசா யோசிச்சானா? கிடையாது.

எனக்கு அந்தக் காரைப் பிடிக்கும். பிடிக்கும் என்று வெளியே சொல்லத்தான் கூச்சம். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் ரெண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவேன்.

"இன்னிக்கு உன் கார்லதான் போறோம், வெஸ்" என்றார் ட்ரூடி.

ட்ரூடி ஆமுண்ட்சன் என் பாஸ். ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து ஊரார் பொய்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். சிரிக்க மாட்டார். சிரித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

"பாஸ், உங்க வேன் இருக்கே. அதுல ஏசி இருக்கு. மானம் இருக்கு."

"பழைய கார்க்காரங்ககிட்ட பேசணும்னா பழைய கார்ல போய் இறங்கணும். அப்பத்தான் வாயைத் திறப்பாங்க. முதல்ல ஆர்லன் கடை. போ."

ஆர்லன் கடைக்கு மட்டும் போக எனக்கு இஷ்டமில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ட்ரூடிக்குத் தெரியாத காரணம்.

எங்கள் ஊர் வாக்கெஷாவில் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஆர்லன் டீட்ஸ்தான் வைத்தியர். முப்பது வருஷமாக ஒரே கடை. வியாழக்கிழமை காலை வரை அந்தக் கடையில் பதினாலு கார்கள் நின்றன. வியாழன் மதியம் கென்ட் ஹால்வர்சன் என்ற பள்ளிக்கூட உதவித் தலைமையாசிரியர் வீட்டு ஷெட்டிலிருந்து அவருடைய கறுப்பு போர்ஷ் 944 டர்போ காணாமல் போயிருப்பது தெரியவந்தது. பூட்டு உடையவில்லை. கண்ணாடி நொறுங்கவில்லை. சாவி போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். சாவிகள் ரெண்டே ரெண்டு. ஒன்று கென்ட் வீட்டு சமையலறை டிராயரில். இன்னொன்று ஆர்லன் கடைச் சுவரில்.

கென்ட் போலீசுக்குப் போகவில்லை. அவர் சேர்ந்திருக்கிற ஜெர்மன் கார் கழகத்தின் குழுவில் மட்டும் நாலு வரி எழுதினார்: 'எடுத்தவர் யாராக இருந்தாலும் ஞாயிறன்று நம் கழகக் கார் கண்காட்சி முடிவதற்குள் திருப்பி வைத்துவிடட்டும். நான் எதுவும் கேட்க மாட்டேன். யார் பெயரையும் சொல்ல விரும்பவில்லை.' ஆஹா, என்ன பெருந்தன்மை! அடுத்த பத்து நிமிஷத்தில் ஆர்லன் பெயரை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மதியத்துக்குள் கார் வராவிட்டால் கண்காட்சி மைக்கிலேயே ஆர்லன் பெயரைப் படித்து, அவரிடம் யாரும் வண்டி விட வேண்டாம் என்று அறிவிப்பதாகக் கழகத் தலைவர் முடிவு செய்தார். அந்த அறிவிப்பு வந்தால் ஆர்லன் கடையை மூட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்லனே போன் செய்து எங்களை அமர்த்தினார். இன்று சனிக்கிழமை.

நாங்கள் போனபோது கடையில் மூன்று கார்கள் நின்றன. பாக்கி பதினொன்றையும் சொந்தக்காரர்கள் ஏதேதோ சாக்குச் சொல்லி எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்று மஞ்சள்.

ஆமாம். என்னுடையதுதான். வெள்ளிக்கிழமை காலையில் ஆர்லன் கார்பரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய், "அவசரமா ஊருக்குப் போகணும்" என்று பொய் சொல்லி என் காரை எடுத்து வந்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கழுவினதை மாட்டி, துடைத்து, சாவியைக் கையில் கொடுத்தார். சாயங்காலம் அதே மனுஷன் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்கிறார். நான் எங்கே போய் மூஞ்சியை வைத்துக்கொள்வது?

"காபி குடிக்கறியா வெஸ்?" என்றார் ஆர்லன். ஒல்லியான ஆள். விரல் இடுக்கில் கழுவினாலும் போகாத கறுப்பு.

"வேண்டாங்க" என்றேன், அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்து.

ட்ரூடி நேராக விஷயத்துக்கு வந்தார். "வியாழக்கிழமை காலையில எங்கே இருந்தீங்க?"

"இங்கேதான்."

"யாராவது பார்த்தாங்களா?"

"ஒரு ஃபியட்டுக்கு அடியில படுத்திருந்தேன். ஃபியட் பார்த்தது."

"அதைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாது" என்றேன். பழக்க தோஷம். வாய் சும்மா இருக்காது.

"கென்ட் காரோட சேசிஸ் நம்பர் உங்ககிட்ட இருக்குமே" என்றார் ட்ரூடி. "குடுங்க. பழைய சாமான் கடைங்களுக்கு அனுப்பி வைக்கறேன். யாராவது விக்க வந்தா மாட்டுவான்."

ஆர்லன் கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். "அதைக் குடுக்க முடியாதும்மா."

"ஏன்?"

"ஒரு வாடிக்கையாளர் வண்டியைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் பேசறதில்லை. வாக்குன்னா வாக்கு."

"ஐயோ, உங்களைத் திருடன்கறாங்க!" எனக்குப் பொறுக்கவில்லை. "நம்பரைக் குடுத்தா என்ன?"

"வண்டி எங்கேன்னு கண்டுபிடிங்க. அது போதும்" என்றார். அப்புறம் வேண்டாவெறுப்பாக, "டாட்டி ஃபென்ஸ்கேன்னு ஒருத்தி ஈகிள் ஊர்ல இருக்கா. வியாழக்கிழமை அந்த வண்டியை ரோட்டுல பார்த்தேன்னு சொல்றா. கழகத்துல யாரும் காதுல போட்டுக்கலை" என்றார்.

காரில் ஏறியதும் ட்ரூடி கேட்டார். "திருட்டுப் பட்டம் சுமக்கிற ஆளு, திருட்டுப் போன வண்டியோட நம்பரைக் குடுக்க மாட்டேங்கறாரு. நீ என்ன நினைக்கறே?"

"அவருதான் எடுத்தாருன்னு நினைக்கறேன்."

"இப்ப நினைக்கறியா, நேத்தே நினைச்சியா?"

நான் கியரை மாற்றுவதில் மும்முரமானேன். டி.ஆர்.7-ல் கியர் மாற்றுவது எந்தக் கேள்விக்கும் நல்ல பதில். அவ்வளவு சத்தம்.

ஈகிள் போகிற வழி முழுக்க வளைவும் ஏற்றமும்தான். ஜூன் மாசக் காற்று. இந்த மாதிரி ரோட்டில் அந்த மஞ்சள் சனியன் என்னமாய்ப் போகும் தெரியுமா? ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியதில்லை, நினைத்தால் போதும். ட்ரூடியே ஒரு வளைவில் "பரவாயில்லையே" என்று விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷத்தில் அந்தக் காருக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

டாட்டி ஃபென்ஸ்கே நாற்பது வருஷம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது, குட்டை முடி, கட்டைக் குரல். வாசலில் ஒரு சிவப்பு 944 நின்றது. விலை கூடின, வேகமான டர்போ எல்லாம் இல்லை, சாதாரண 944. பெயிண்ட் அங்கங்கே வெளுத்து, பின்னால் 'இரண்டு லட்சத்து எண்பதாயிரம் மைல், இன்னும் ஓடுது' என்று ஒரு ஸ்டிக்கர்.

என் காரைப் பார்த்ததும் சிரிக்கப் போகிறார் என்று தயாரானேன். அவர் ஒரு சுற்று சுற்றி வந்து, "ஓட்டறியே! நல்ல பையன்" என்றார். அவ்வளவுதான். நான் அவருக்கு அடிமை.

"வியாழக்கிழமை என்ன பார்த்தீங்க?" ட்ரூடி.

"காலையில பத்தடிக்கக் கால் மணி இருக்கும். அறுபத்தேழாம் நம்பர் ரோட்டுல நான் வடக்கே போறேன், கென்ட்டோட கறுப்பு வண்டி எதிர்ல தெற்கே போகுது. வழக்கம் போல விளக்கைத் தூக்கினேன். அவனும் தூக்கினான். போய்ட்டான்."

"விளக்கைத் தூக்கறதுன்னா?"

"அட, இந்தப் பெண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். "இந்த மாடலுக்கு விளக்கு ரெண்டும் மூக்குக்குள்ள படுத்திருக்கும். குமிழைத் திருகினா எழுந்து நிக்கும். பகல்ல எதிர்ல இன்னொரு 944 வந்தா ஒரு தடவை எழுப்பிப் படுக்க வைப்போம். வணக்கம் சொல்ற மாதிரி. போர்ஷ்லயே மலிவு மாடல்னு வேற யாரும் நம்ம வண்டியை மதிக்கறதில்லை. நாமளாவது மதிக்கணும் இல்லையா?"

"ஓட்டினது யாரு? முகம் தெரிஞ்சுதா?"

"அவன் கண்ணாடியில வெயில் அடிச்சுப் பளபளன்னுச்சு. தொப்பி மட்டும்தான் தெரிஞ்சுது. கழகத்துல இதைச் சொன்னேன். 'அப்ப அதுதான் திருடன்'னாங்க. யாருன்னு கேட்கலை."

ட்ரூடி என் பக்கம் திரும்பினார். "சொல்லு."

"திருடன் வணக்கம் சொல்ல மாட்டான், பாஸ்" என்றேன். "திருட்டு வண்டியில போறவன் எதிர்ல யாராவது விளக்கைத் தூக்கினா, போலீஸ்தான் வழி மறிக்குதுன்னு நினைச்சு மிதிச்சுட்டுப் போவான். பதிலுக்குத் தூக்கணும்னு தெரியாது. குமிழ் எங்கே இருக்குன்னே தெரியாது. அப்ப ஓட்டினவனுக்கு வழக்கம் தெரியும். ஆர்லனுக்குத் தெரியும்!"

சொல்லிவிட்டு நானே நொந்துபோனேன். தப்பாகச் சந்தேகப்பட்டுவிட்டேனோ என்று காலையிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. இப்போது, சந்தேகப்பட்டது சரிதான் என்று ஆகப் போகிறதே என்று அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

டாட்டி சிரித்தார். "ஆர்லனா? இருபது வருஷமா என் வண்டியை ரிப்பேர் பண்ணி ஓட்டிப் பார்க்கறான். எத்தனையோ தடவை அவன் அடுத்தவன் 944-ல எதிர்ல வந்திருக்கான். நான் தூக்குவேன். அவன் தலையை மட்டும் ஆட்டுவான். ஒரு நாள்கூடத் தூக்கினதில்லை. கேட்டேன் ஒரு நாள். 'வண்டி என்னோடது இல்லை டாட்டி. வணக்கம் வண்டிக்காரனோடது. அதை நான் எடுத்துக்கக் கூடாது'ன்னான். பைத்தியக்காரன்."

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

வழக்கம் தெரியாதவன் தூக்க மாட்டான். வழக்கம் தெரிந்த ஆர்லனும் தூக்க மாட்டார். வழக்கமும் தெரிந்து, வண்டியும் தன்னுடையதாகவே இருக்கிற ஆள் ஒரே ஒருத்தன்தான். கை தானாகக் குமிழுக்குப் போயிருக்கிறது, பாவம்.

"கென்ட்!" என்றேன். "இன்சூரன்ஸ்! சொந்த வண்டியை ஒளிச்சு வச்சுட்டுப் பணத்தைக் கறக்கப் பார்க்கறான்!"

"நேத்து சாயங்காலமே விசாரிச்சுட்டேன். இன்சூரன்ஸ்ல ஒரு காகிதம்கூடக் குடுக்கலை. போலீஸ்லயும் குடுக்கலை." ட்ரூடி வாசல் படியிலிருந்து எழுந்து டாட்டியின் காருக்குப் பக்கத்தில் போய் முன்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "டாஷ்போர்டு இப்படி வெடிச்சிருக்கே?"

"வெயில்ல எல்லா வண்டிக்கும் அப்படித்தான். வெட்கப்படறவங்க மேல விரிப்பு போட்டுக்குவாங்க. நான் போடறதில்லை. என் முகத்துலயும்தான் இருக்கு."

"இந்த ஓரத்துல கண்ணாடிக்குக் கீழே சின்னத் தகடு?"

"சேசிஸ் நம்பர். என்ன மாடல், எந்த வருஷம் எல்லாம் அதுல இருக்கும்."

"வெஸ், கழகத்தோட பழைய கண்காட்சி படம் எல்லாம் எடு."

போனில் எடுத்துக் காட்டினேன். பதினோரு வருஷப் படங்கள். ஒவ்வொன்றிலும் கென்ட்டின் கறுப்புக் கார் ஒரு மூலையில். ஒவ்வொன்றிலும் டாஷ்போர்டு மேல் சாம்பல் நிற விரிப்பு, கண்ணாடியை ஒட்டி, அந்தத் தகடு இருக்க வேண்டிய இடம் வரை.

"டாட்டி, டர்போ வண்டியோட சத்தம் இதைவிட வேறயா இருக்குமா?" என்றார் ட்ரூடி.

டாட்டி கையிலிருந்த காபிக் கோப்பைக்குள் பார்த்தார். "அதை அவன்கிட்டயே கேளு."

ட்ரூடி சிரித்தார். யாருக்கோ கெட்ட நேரம்.

"போன கண்காட்சியில ஒருத்தர் கென்ட்டைக் கேட்டாரு" என்றார் டாட்டி, எங்களை வழியனுப்பும்போது. "உங்க வண்டியும் அந்த அம்மா வண்டியும் ஒண்ணானு. 'சேச்சே, அது ஏழைங்க வாங்கறது'ன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கேட்கவே சங்கடமாக இருந்தது.

கென்ட் ஹால்வர்சன் ஓகனோமோவாக் என்ற ஊரில் ஏரியைப் பார்த்த வீட்டில் குடியிருந்தார். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் காரைப் பார்த்து மிஷினை நிறுத்தினார். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை.

"சீஸ் ஆர்டர் பண்ணலையே" என்றார்.

"புதுசா யோசிங்க சார். பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கறீங்க" என்றேன்.

"ஆர்லன் எங்களை அமர்த்தியிருக்காரு" என்றார் ட்ரூடி. "நல்ல சேதி. உங்க கார் கிடைச்சுடுச்சு."

கார் வைத்திருக்கிறவன் எவனாக இருந்தாலும் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும்? எங்கே? எப்படி இருக்கு? கீறல் விழுந்திருக்கா? என் சீஸ் துண்டு காணாமல் போய்க் கிடைத்தால்கூட நான் அப்படித்தான் கேட்பேன்.

கென்ட்டின் முகம் வெளுத்துப் போனது. "யாராவது பானெட்டைத் திறந்து பார்த்தாங்களா?" என்றார்.

தான் கேட்டது என்ன என்பது கென்ட்டுக்கே மெதுவாகத்தான் உறைத்தது.

"கார் கிடைக்கலை. சும்மா சொன்னேன்" என்றார் ட்ரூடி. "ஆனா இப்பக் கிடைச்சுட்ட மாதிரிதான். பானெட்டுக்குக் கீழே டர்போ இல்லை. அப்படித்தானே?"

கென்ட் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினேன்" என்றார். "சாதாரண 944தான். டாட்டியோடது மாதிரியே. வாங்கின அன்னிக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கழுவித் துடைச்சு முதல் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போனேன். குப்பைத் தொட்டி பக்கத்துல நிறுத்தச் சொன்னாங்க. ஒரு டாக்டர் வந்து தட்டிப் பார்த்து, 'நிஜ வண்டி வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பழகறதா?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சிக்னலில் தினமும் நான் சிரிக்கிறதுதான்.

"அந்தக் குளிர்காலத்துல ஆர்லன்கிட்ட போய் டர்போவோட மூக்கும் பின்பக்கமும் பேட்ஜும் மாட்டித் தரச் சொன்னேன். நொறுங்கிப் போன வண்டி ஒண்ணுலேர்ந்து எடுத்தது. 'வேண்டாம் கென்ட், இது நல்ல வண்டி'ன்னாரு. கெஞ்சினேன். மாட்டினாரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தாரு."

"ஒருத்தர்கூடவா பானெட்டைத் திறக்கச் சொல்லலை?" என்றேன்.

"பதினோரு வருஷம், ஒருத்தர்கூடக் கேட்கலை!" என்றார். குரல் உடைந்தது. "நான் ஒவ்வொரு வருஷமும் பயந்து பயந்து சாவேன். யாரும் கிட்டவே வரலை. டர்போன்னாலும் அவங்களுக்கு அது குப்பைத்தொட்டி வண்டிதான். இந்த வருஷம் என்னமோ திடீர்னு இதுக்கு மவுசு வந்துடுச்சு. நாளைய கண்காட்சியே 944-க்குத்தானாம். சிகாகோவிலேர்ந்து நடுவர் வர்றாரு. ஊர்வலத்துல முதல் வண்டி என்னோடதுன்னு அறிவிச்சுட்டாங்க. பானெட்டைத் திறந்து வைக்கணுமாம்."

"அதனால ஈகிள்கிட்ட எங்கேயோ ஒளிச்சு வச்சிட்டீங்க."

"பால்மைராவுல ஒரு நண்பரோட காலி ஷெட். மீன் பிடிக்கப் போறேன்னு வீட்டுல சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு ரோட்டோரமா கிடைச்சுதுன்னு சொல்லிடலாம்னு..." தலையை நிமிர்த்தினார். "நான் ஆர்லன் பேரைச் சொல்லவே இல்லை. சத்தியமா சொல்லலை."

"மத்தவங்க சொன்னப்ப இல்லைன்னும் சொல்லலை" என்றார் ட்ரூடி. "உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்திருந்தா அந்த மனுஷன் தப்பிச்சிருப்பாரு. அவரு வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்திருந்தா நீங்க மாட்டியிருப்பீங்க. நேத்தும் அதுக்கு முந்தின நாளும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. யாரு எதுக்காகத் திறக்கலைன்னு யோசிச்சுப் பாருங்க."

கென்ட் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். "டாட்டிக்கு... தெரியுமா?" என்றார்.

"முதல் வாரமே தெரிஞ்சிருக்கும்" என்றார் ட்ரூடி. "அந்த அம்மா சத்தத்தை வச்சே சொல்லிடுவாங்க."

"அவங்க வண்டியை நான்..."

"ஆமாம். பக்கத்துலதான் நின்னாங்களாம்."

அந்த மனுஷனைப் பார்க்க எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூசியது. அவர் சும்மா இருந்து செய்த வேலையைத்தான் நான் வெள்ளிக்கிழமை காலையில் சாவியை வாங்கிக்கொண்டு செய்திருந்தேன். என்ன, எனக்கு மறைப்பதற்கு ஒரு பொய் மாடல்கூடக் கிடையாது.

மூன்று மணிக்கு அந்தக் கறுப்பு 944 ஆர்லன் கடைக்குள் நுழைந்தது. கென்ட்தான் ஓட்டினார். பின்னாலேயே நாங்கள். ஆர்லன் வெளியே வந்து, வண்டியைப் பார்த்து, கென்ட்டைப் பார்த்து, ட்ரூடியைப் பார்த்தார்.

கென்ட் பானெட்டைத் திறந்து முட்டுக் கொடுத்தார். டாஷ்போர்டு விரிப்பை எடுத்து ஓரமாகப் போட்டார். எஞ்சினைப் படம் எடுத்துக் கழகத்தின் குழுவில் போட்டு, கீழே எழுதினார். எழுதியதை எங்களுக்குச் சத்தமாகப் படித்தார்.

"'என் காரை நானேதான் ஒளித்து வைத்தேன். இது டர்போ இல்லை, என்றைக்குமே இருந்ததில்லை. ஆர்லன் டீட்ஸுக்கு இது தெரியும். எனக்காக அவர் சொல்லாமல் இருந்தார். அவரை நீங்கள் திருடன் என்றபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கென்ட் ஹால்வர்சன்.'"

"நாளைக்கு மைக்லயும் இதையே படிப்பீங்க" என்றார் ட்ரூடி.

"படிக்கறேன்."

அனுப்பினார். அரை நிமிஷத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. எடுக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

ஆர்லன் எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்தார். "காலி ஷெட்லயா வச்சிருந்தே? எலி இருந்திருக்குமே" என்றார்.

"இல்லை. பார்த்துதான் வச்சேன்" என்றார் கென்ட். அப்புறம், "ஆர்லன், என்னை என்ன வேணா சொல்லுங்க. திட்டுங்க. தயவு செஞ்சு திட்டிடுங்க" என்றார்.

ஆர்லன் குழாயின் கிளிப்பை விரலால் இறுக்கினார்.

"இனிமே இந்த வண்டியை... நீங்க தொடுவீங்களா?"

"வண்டி என்ன பண்ணுச்சு?" என்றார் ஆர்லன். "எப்ப வேணா அனுப்பு. பார்த்துத் தர்றேன். நீ வராதே."

கென்ட் தலையை ஆட்டினார். மெதுவாக பானெட்டை மூடினார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய், நடைபாதையில் நடக்க ஆரம்பித்தார். அவர் வீடு அங்கிருந்து பதினைந்து மைல்.

ட்ரூடி போன் பேச வேண்டும் என்று வெளியே போனார். கடைக்குள் நானும் ஆர்லனும். என் நாக்கில் நாலு ஜோக் இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"ஆர்லன்" என்றேன். "வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போகலை."

"தெரியும்."

"உங்களை நம்பாமத்தான் வண்டியை எடுத்துட்டுப் போனேன்."

"அதுவும் தெரியும். கார்பரேட்டர் கழுவிட்டிருக்கறப்ப யாரு ஊருக்குப் போவாங்க?" துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதனாலதான் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணினேன். என்னை நம்பறவங்க கண்டுபிடிச்சா, வேண்டப்பட்டவங்கன்னு தள்ளிடுவாங்க. என்னை நம்பாத ஒருத்தன் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லட்டும்னு நினைச்சேன். எனக்குத் தெரிஞ்சு துப்பறியற ஆளுங்கள்ல என்னை நம்பாதவன் நீ ஒருத்தன்தான் வெஸ்."